பெயர் நீக்கிய கணக்கு

மக்களின் வரிப்பணத்தைக் கையாள்வோர் அம்மக்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், கேட்டவர்க்குக் காட்டியே தீரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தாதவரை அக்கடமை மேடைப்பேச்சாகவே நின்றுவிடுகிறது. பொது அலுவலர்கள் பொதுப்பணியில் ஆற்றும் செயல்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டென்று ராஜ் நாராயண் வழக்கில் உச்சநீதிமன்றம் 1975-இலேயே உரைத்திருந்தும், அது நாடு முழுமைக்குமான சட்டமாக முப்பது ஆண்டுகள் ஆயின. தமிழ்நாடு 1997-இலேயே இத்தகைய சட்டமொன்றை இயற்றியதுண்டு. விதிவிலக்குகள் மலிந்த அதனால் விளைந்த பயன் சிறிதே.

நாடு முழுமைக்குமான அந்தத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர், இராஜஸ்தானத்துப் பஞ்ச நிவாரணப் பணிகளில் உழைத்தும் உரிய கூலி பெறாத ஏழையரின் முறையீட்டில் இருக்கிறது. அவர்களை ஒருங்கிணைத்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற சிற்றூரில் தன் முதற் பொதுவிசாரணையை நடத்தியது. அத்தகைய விசாரணைகளில் கூலிப் பதிவேடுகள் ஊரார் செவிப்பட வாசிக்கப்பட்டபோது, வேலைத்தலத்தையே காணாதோரும், இறந்துபட்டோரும் கூலி பெற்றவர்களாக எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. மொத்தத் தொகையை மட்டும் வாசித்திருந்தால் எவரும் எதையும் கண்டிருக்க முடியாது. களவைக் காட்டிக்கொடுத்தவை பெயர்களே.

அவ்வனுபவத்தின் விளைவாகவே 2005-ஆம் ஆண்டுச் சட்டம், காரணம் கூறாமலே தகவல் கேட்கும் உரிமையையும், முப்பது நாளுக்குள் விடை பெறும் உரிமையையும் குடிமக்களுக்கு வழங்கியது. தக்க காரணமின்றித் தாமதிக்கும் அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் தண்டமும் விதித்தது. தனிநபர் தகவலையும் அது காக்கத் தவறவில்லை. பொதுப்பணியோடும் பொதுநலனோடும் தொடர்பற்ற தகவலை மறுக்கலாம் என்ற 8(1)(j) பிரிவு, நாடாளுமன்றத்துக்கு மறுக்கவியலாத எதையும் குடிமகனுக்கும் மறுத்தலாகாது என்ற அரிய நெறியையும் உடன் கொண்டிருந்தது.

2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் 44(3) பிரிவினால் அவ்வரம்புகளை நீக்கி, தனிநபர் பற்றிய தகவல் என்ற ஒன்றையே மறுப்புக்குப் போதிய காரணமாக்கிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நாமும் போற்றுகிறோம். ஆனால் ஒருவரின் நோய்க்குறிப்பும், அரசுப் பணம் பெற்ற ஒப்பந்தக்காரரின் பெயரும் ஒருதன்மையன அல்ல. பொதுநலன் மிகுமாயின் தகவல் தரலாம் என்னும், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு எஞ்சியிருக்கிறதே என்பர். உண்மைதான், எனினும், மறுப்பதற்கு ஒரு சொல் போதுமென்று ஆகிவிட்ட நிலையில், துணிந்து தருவதற்கு விரிவான காரணம் எழுத முன்வரும் அலுவலர் எத்தனை பேர் இருப்பர்? மறுக்கப்பட்டவர் இரண்டு மேல்முறையீடுகளைக் கடந்து தகவல் ஆணையத்தின் தீர்ப்பைப் பெறுமுன், கணக்குக் கேட்கப்பட்ட சாலையும் சிதைந்து, பொறுப்பானவரும் ஓய்வு பெற்றிருப்பார்.

8(1)(j) பிரிவின் பழைய சொற்களை அவ்வாறே மீட்டளித்தல் நாடாளுமன்றத்தின் கடமை. அதுவரை, மறுப்பாணை பெறும் ஒவ்வொரு விண்ணப்பதாரரும் அதனோடு அமைந்துவிடாமல், 8(2) பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்யுமாறு வேண்டுகிறோம்.