சொல் வராத பிள்ளையின் அலறல்

வயலையும் வளவையும் திருப்பித் தரும்படி கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்குமாக நடக்கும் எமக்கு, பிள்ளைகளின் கணினி விளையாட்டைப் பற்றிப் பேச நேரம் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை.

2006இல் சம்பூரையும் அயல் கிராமங்களையும் விட்டு ஓடியவர்கள் மட்டக்களப்பிலும் பின்னர் கிளிவெட்டியிலுமாகப் பல ஆண்டுகள் முகாம்களில் இருந்தார்கள். இடம்பெயர்வு எல்லாப் பிள்ளைகளையும் வருத்தும். ஆனால் ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கோ அதே பாதை, அதே பாய், அதே கிணறு என்ற ஒழுங்குதான் காலூன்றி நிற்கும் நிலம். அது போனதும் அவன் அலறுகிறான், தலையைச் சுவரில் மோதுகிறான். "பயமாக இருக்கிறது" என்று சொல்ல அவனுக்குச் சொல் வருவதில்லை. நாமோ பிடிவாதம் என்று அடிக்கிறோம்; இல்லாவிட்டால் பேய் பிடித்ததென்று நூல் கட்டுகிறோம்.

இத்தகைய பிள்ளைகளுக்குச் சொல் கொடுக்கும் கருவி ஒன்று தமிழ்நாட்டிலேயே பிறந்திருக்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர், வித்யா சாகர் நிலையத்துப் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி 'ஆவாஸ்' என்பதை உருவாக்கினார். பிள்ளை ஒரு படத்தைத் தொட்டால் அச்சொல்லைக் கருவி பேசும். முதலில் தனிக் கருவியாக இருந்தது, 2012 முதல் ஐபாட்டில் இயங்கும் செயலியாயிற்று. இன்று அது தமிழிலும் பேசுகிறது. வீட்டாரின் படங்களையும் வீட்டில் வழங்கும் சொற்களையும் நாமே அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எமக்கு முக்கியமாகப் படுகிறது.

மற்றவர் முகத்தில் தெரியும் உணர்ச்சியை அறியப் பழக்குபவையும் உண்டு. பிரித்தானியாவில் சைமன் பாரன்-கோகன் குழுவினர் 2007இல் ஒரு படத்தொடரை வெளியிட்டனர். ரயில், டிராம் போன்ற வண்டிகளில் உண்மையான மனித முகங்களைப் பொருத்தி, 15 உணர்ச்சிகளைக் கதைகளாலும் கேள்வி விளையாட்டுகளாலும் கற்பித்தார்கள். ஓட்டிசப் பிள்ளைகள் பலருக்குச் சக்கரமும் தண்டவாளமும் பிடிக்கும் என்று கண்டே அப்படிச் செய்தார்கள். நான்கு வாரம் நாள்தோறும் பார்த்த பிள்ளைகள் உணர்ச்சிகளை அறிவதில் நன்கு முன்னேறினர். (எம் பிள்ளைகளுக்கென்றால் உழவு இயந்திரத்துக்குத்தான் முகம் வைக்க வேண்டியிருக்கும்.)

ஆனால் ஒன்று. பிள்ளை எம் முகத்தைப் படிக்கப் பழகினால் மட்டும் போதாது. தாமே ஓட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், விளங்காமை இரு பக்கத்திலும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார். அவன் காதைப் பொத்துவது எதற்காக, கையை உதறுவது எப்போது என்று நாமும் படிக்க வேண்டும். கருவி வாங்கினாலும் இந்த வேலை எம்முடையதுதான்.

பாலர் பாடசாலைக்குச் சாயம் பூச வரும் நிறுவனங்களிடம், ஒரு டப்லெட்டும் அதைப் பழக்கத் தெரிந்த ஆசிரியை ஒருவரும் வேண்டும் என்று கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கேட்க வேண்டும் என்பது எமது கருத்து. அது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பழைய அப்பியாசக் கொப்பி மட்டையில் பயம், கோபம், வயிற்றுவலி, பசி, "போதும்" என்று ஐந்து படங்கள் கீறுங்கள். நீங்கள் பேசும்போதும் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டியே பேசுங்கள். பார்த்துத்தான் பிள்ளை பழகும். மழையில் நனையாமல் பொலித்தீனில் போட்டு, அவன் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டிவிடுங்கள்.