'சோக ராணி' என்று எழுதாதீர்கள்

மீனாகுமாரியைப் பற்றி எழுத அமரும் நம்மவர் பலர் 'சோக ராணி' என்ற பட்டத்தோடுதான் பேனாவைத் திறக்கிறார்கள். திரையில் அழுதாள், வாழ்விலும் அழுதாள், குடித்துச் செத்தாள், கதை முடிந்தது. இந்தச் சோம்பேறித்தனத்தை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்.

யூசுப் கான் என்ற திலீப்குமாரும் சோக வேடங்களால் மனம் நொந்தவர்தான். வைத்தியரின் ஆலோசனைப்படி அவர் இலகுவான பாத்திரங்களுக்கு மாறினார். 'ஆசாத்' (1955), 'கோஹினூர்' (1960) என்பன அவ்வகைப் படங்கள். இரண்டிலும் அவருக்கு ஜோடி யார்? மஹ்ஜபீன் பானு என்ற இதே மீனாகுமாரி! நமது 'மலைக்கள்ளன்'தான் 'ஆசாத்' ஆனது. 'மிஸ்ஸியம்மா' 'மிஸ் மேரி' (1957) ஆனபோதும் நாயகி அவரே. அவருக்குச் சிரிக்கத் தெரியாதென்று யார் சொன்னது?

ஆணுக்கு மருந்தாக வந்த சிரிப்பு, பெண்ணுக்கு வெறும் இடைவேளையாகவே போயிற்று. 'சாஹிப் பீபி அவுர் குலாம்' (1962) படத்தில் குடிக்கும் மனைவியாக நடித்தார். பின்னர் ஈரல் நோய் வந்தபோது, அந்தப் பாத்திரத்தையே நோய்க்கு விளக்கமாக்கினார்கள். 'பாகீஸா'வின் நடனக் காட்சிகளில் அவருக்குப் பதிலாக வேறொருவர் ஆடவேண்டிய அளவுக்கு உடல் தளர்ந்திருந்தது. 1972 பெப்ரவரியில் படம் வந்தது. மார்ச் 31இல் அவர் மௌத்தானார். வயது 38.

நோய் நோய்தான், அது நடிப்பின் உச்சக்காட்சியல்ல. பட்டம் சூட்டியவர்களுக்கு அது வியாபாரம். நமக்கென்ன வந்தது? 'நாஸ்' என்ற பெயரில் உருதுக் கவிதை எழுதிய ஒருவரை, எழுதுகிறவர்களான நாமாவது முழு மனுஷியாக எழுதுவோம்.