காலித் தோட்டாவின் கணக்கு

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய பித்தளையை எடைக்கு எடுக்கும் பாத்திரக் கடைகள் பல உண்டு. உடைந்த குத்துவிளக்கு ஒன்றை மாற்றுவதற்காக அண்மையில் அப்படியொரு கடைக்குச் சென்றிருந்தேன். தராசுத் தட்டில் குவிந்திருந்த குழாய்த் துண்டுகளுக்கும் செம்புகளுக்கும் இடையே, விரல் நீளத்தில் இரண்டு துப்பாக்கித் தோட்டாக் கூடுகள் கிடந்தன. சுடப்பட்டுக் காலியானவை. நான் பார்த்துவிட்டதை உணர்ந்த கடைக்காரர் அவற்றைச் சட்டென எடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டார். "மூட்டையோட வந்துருச்சு சார். ஸ்டேஷன்ல குடுத்தா எங்கிருந்து வந்துச்சும்பாங்க, குடுக்காட்டி ஒளிச்சு வச்சேம்பாங்க" என்றார்.

அவரது அச்சம் வீணானதன்று. இந்தியச் சட்டத்தின் கண்ணில் காலித் தோட்டா என்பது என்ன என்ற கேள்விக்கு இன்றுவரை நேரான விடை இல்லை.

தோட்டாவின் பகுதிகள் நான்கு: குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடு. முதல் மூன்றும் ஒரே சூட்டில் செலவழிந்துவிடும். கூடு மட்டும் எஞ்சும். ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த அந்தக் கூடுதான் தோட்டாவின் விலையில் பெரும்பங்கு. அதை மீண்டும் நிரப்பிச் சுடுவது அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. 2009 மார்ச்சில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை, இராணுவம் சுட்ட கூடுகளை இனி நசுக்கிய பிறகே விற்க வேண்டும் என்று முடிவெடுத்தது. மான்டனா மாநில செனட்டர்கள் மேக்ஸ் பாக்கஸும் ஜான் டெஸ்டரும் எதிர்ப்புத் தெரிவிக்க, சில நாள்களிலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. முழுக் கூட்டுக்கும் நசுங்கிய கூட்டுக்கும் உலோகம் ஒன்றே, விலை வேறு. அந்த விலை வேறுபாட்டுக்காகத்தான் அத்தனை ஆரவாரமும்.

இந்தியாவில் அதே கூடு தேசப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கப்பட்டது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் இந்தியர்களின் கைகளிலிருந்து துப்பாக்கியைப் பறித்த ஆங்கில அரசு, தன் படைமுகாம்களிலிருந்து வெளியேறும் தோட்டாக்களைக் கண்டும் அஞ்சியது. மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் எல்லைப்புறங்களில் பரவியிருந்த நிலையில், அவற்றுக்குத் தீனி கிடைத்துவிடக் கூடாதென்று 1907ஐ ஒட்டி .450 அளவு வேட்டைத் துப்பாக்கிகளுக்கே இந்தியாவிலும் சூடானிலும் தடை வந்தது. இலண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் சளைக்கவில்லை; .465, .470 என்று புதிய அளவுகளை விற்றார்கள். விடுதலைக்குப் பின்னும் அந்த அச்சம் மறையவில்லை. இராணுவத்தின் .303 பொதுமக்களுக்கு விலக்கப்பட, அவர்களுக்கென்று இச்சாப்பூர் ஆலை .315 அளவில் தனித் துப்பாக்கி செய்தது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் "வெடிபொருள்" என்பதன் வரையறைக்குள் அதன் உதிரிப் பகுதிகளையும், அதைச் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்திருக்கிறது. ஆகவே, துப்பாக்கி உரிமம் உள்ளவரே தம் காலித் தோட்டாவைத் தாமே நிரப்பினாலும், தயாரிப்பதற்கான தனி உரிமம் இல்லையென்றால் அது குற்றம். 2019ஆம் ஆண்டின் திருத்தம், உரிமமற்ற தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டுகள் முதல் ஆயுள்வரை சிறை என்று தண்டனையை உயர்த்தியது. மறுபுறம் அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, பிற பகுதிகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு உதிரிப் பகுதிகளை வைத்திருப்பவருக்கு விலக்களிக்கிறது. எல்லாம் நோக்கத்தைப் பொறுத்தது என்றாகிறது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வசதியுள்ளவர் தம் நோக்கத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பார். மூட்டை சுமந்து குப்பை பொறுக்குபவர் என்ன செய்வார்?

அமெரிக்காவைப் போல வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள அனுமதிக்கலாமே என்று சில துப்பாக்கிச் சுடும் ஆர்வலர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய இராணுவக் கூடு பார்ப்பதற்கு உறுதியாக இருக்கும், நம்ப முடியாது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் குதிரை லாயங்களில் சேமித்த தோட்டாக்கள் மழைக்காலங்களில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாதான் பித்தளையைப் பிளக்கிறது என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. எங்கே, எப்படிக் கிடந்தது என்று தெரியாத கூட்டை நிரப்பிக் கன்னத்தருகே வைத்துச் சுடுவது உயிரோடு விளையாடுவது. தவிர, ஆங்கிலேய இராணுவ மரபின் .303 கூடுகள் பெர்டன் வகை. அவற்றில் பிரைமரைக் கழற்றி மாற்றுவது கடினம். (பெர்டன் அமெரிக்கர்; எளிதில் மாற்றக்கூடிய வகையைக் கண்டவர் பாக்ஸர் என்னும் ஆங்கிலேயர். இரு நாடுகளும் தத்தம் கண்டுபிடிப்பைக் கைமாற்றிக்கொண்டது வேடிக்கை.) நம் வீரர்கள் பெரிதும் பயிலும் .22 தோட்டாவிலோ பற்றும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதால், அதை வழக்கமான முறையில் மீண்டும் நிரப்பவே முடியாது. எனவே இங்கே மறுநிரப்பலுக்கான தேவையும் சிறிது.

என் கவலை உலோகத்தைப் பற்றியது. 2018 மே மாதம் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை மூடப்பட்டதை அடுத்து, சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா அதை இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. அந்த ஆலை மூடப்பட்டதன் நியாயம் வேறு விவாதம். ஆனால் செம்பின் விலை ஏறஏற, சுடுதளங்களின் மண்ணில் கிடக்கும் பித்தளையின் கவர்ச்சியும் ஏறும். பயிற்சி முடிந்ததும் கூடுகளை எண்ணி ஒப்படைப்பது சீருடைப் படைகளின் நடைமுறை. எண்ணிக்கை குறைந்தால் கீழ்நிலைக் காவலர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கூடிப்போய் ஒரு கூடு கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தால், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

சுடுதளத்திலேயே கூடுகளை நசுக்கி எடைக்கணக்கில் ஏலம் விடுவதைக் கட்டாயமாக்கலாம். நசுக்கிய கூடு உலோகமே, வெடிபொருள் அன்று என்று ஒற்றை வரியில் சட்டத்தில் சேர்க்கலாம். நசுங்காத கூட்டைக் கண்டெடுத்து ஒப்படைப்பவரிடம் விசாரணை இன்றி, எடைக்கு உரிய விலை கொடுத்து ரசீது தரலாம். குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் கூட்டில் சுடுமுள் பதித்த தடம்தான் எந்தத் துப்பாக்கி சுட்டது என்று சொல்கிறது. அத்தகைய சாட்சியம் உலையில் உருகிப் போகாதிருக்க வேண்டுமென்றால், அதைக் கொண்டுவருபவர் அஞ்சாமல் வர வேண்டும். விலை கொடுத்து வாங்கும் அரசுக்குத்தான் பொருள் வந்து சேரும் என்பது பொருளியலின் முதல் பாடம்.

விளக்கை வாங்கிக்கொண்டு புறப்படும்போது, அந்தக் கூடுகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். "நாளைக்கு உலைக்குப் போற மூட்டையில அடியில போட்டுருவேன் சார்" என்றார்.