நாட்டு மருந்தை மறைக்காதீர்

இனிப்பு நீரோ ரத்தக் கொதிப்போ இல்லாத வீட்டைத் தோட்டத்தில் இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். கிளினிக்கில் மாத்திரை கொடுக்கிறார்கள், வாங்கி வருகிறோம். கூடவே பாகற்காய்ச் சாறு, வேர்க் கஷாயம், பாசார் மாலாமில் வாங்கிய ஜாமு. நாட்டு மருந்தை நாம் இழித்துப் பேசவில்லை. பாட்டன் பூட்டன் கைக்கு எட்டிய மருந்து அதுதான். ஆனால் இரண்டையும் விழுங்கிவிட்டு டாக்டரிடம் ஒன்றை மறைக்கிறோமே, அங்கேதான் ஆபத்து.

பாகற்காயையே எடுத்துக்கொள்வோம். கறி வைத்துத் தின்பதைப் பற்றிப் பேச்சில்லை. விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாற்றைக் குடித்து, கிளிக்லசைட் மாத்திரையையும் போட்டுக்கொண்டால், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் இருட்டும். செம்பனைக் குலை வெட்ட நீளக் கம்பில் அரிவாளைத் தூக்கி நிற்கிறவருக்கு அந்த மயக்கம் வந்தால் என்ன கதி? உடனே சீனித் தண்ணீர் குடித்து உட்கார வேண்டும். வெயில் கிறுகிறுப்பு என்று வேலையைத் தொடரக்கூடாது.

அதிமதுரம் இருமலுக்குக் கேட்கும். ஆனால் நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும். நீர் பிரியும் மாத்திரையோடு சேர்ந்தால் உடம்பிலுள்ள பொட்டாசியம் குறைந்து இருதயத்துக்கே கேடு. ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் எந்த வேரையும் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மூட்டு வலி ஒரே நாளில் பறந்துவிடும் என்று விற்கும் ஜாமு இன்னொரு வகை. அப்படிச் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையையும் கொதிப்பையும் ஏற்றிவிடும். வெகுநாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

நம் நாட்டில் பாரம்பரிய மருந்துகளும் 1992 முதல் பதிவு செய்யப்படுகின்றன. பாக்கெட்டில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். எண் இருந்தாலும், உங்கள் மாத்திரையோடு அது ஒத்துப்போகும் என்று அர்த்தமில்லை. அடுத்த தவணைக்குக் கிளினிக் போகும்போது பாக்கெட்டை அப்படியே எடுத்துப்போய் மருந்து கொடுப்பவரிடம் காட்டுங்கள். பெயர் தெரியாத வேரென்றால் வேரையே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

காட்டினால் ஏசுவார்கள் என்ற பயம் நம்மவருக்கு. பயத்தில் நியாயமில்லாமலும் இல்லை. ஆகவே கிளினிக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: கஷாயம் குடிக்கிறீர்களா என்று நீங்களே முதலில், முகம் சுளிக்காமல் கேளுங்கள். ஒருமுறை ஏச்சு வாங்கியவர் மறுமுறை வாயைத் திறக்க மாட்டார்.