கூரையில் சோலார்: தகடுகளை எண்ணும் முன் இன்வெர்ட்டரைப் பற்றிக் கேளுங்கள்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘அத்தாப்’ என்றால் ஓலைக் கூரைதான் நினைவுக்கு வரும். இப்போது அந்தச் சொல் மின் கட்டணப் பேச்சிலும் அடிபடுகிறது. வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம் தயாரிப்போருக்கான ‘நெம் 3.0’ திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு முடிவுற்றது. அதற்குப் பதிலாக, 2026 ஜனவரி முதல் ‘சோலார் அத்தாப்’ திட்டம் நடப்புக்கு வந்துள்ளது.

பழைய திட்டத்தில், உபரி மின்சாரத்துக்கான வரவை அடுத்த மாதங்களுக்கும் கொண்டு செல்ல முடிந்தது. புதிய திட்டத்தில், அந்த மாதக் கட்டணத்தில் கழித்தது போக மிஞ்சும் வரவு அதோடு காலாவதியாகிவிடும். ஆகவே, தேவைக்கு மேல் தகடுகளை அடுக்குவதில் இலாபமில்லை. போட்ட தகடுகளிலிருந்து வரவேண்டிய மின்சாரம் முழுமையாக வருகிறதா என்பதே இனி முக்கியம்.

இதில் பெரும்பங்கு இன்வெர்ட்டருக்கு உண்டு. எந்த மின்னழுத்தத்தில் தகடு அதிகச் சக்தி தரும் என்பது வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். மேகம் அடிக்கடி வந்து மறையும் நம் நாட்டில் இந்த மாற்றம் இன்னும் வேகமானது. அந்த உச்சப் புள்ளியைத் தேடிப் பிடிப்பதுதான் விற்பனையாளர்கள் சொல்லும் ‘எம்பிபிடி’. அது மின்னழுத்தத்தைச் சற்று மாற்றிப் பார்க்கும். சக்தி கூடினால் அதே திசையில் தொடரும், குறைந்தால் திரும்பிவிடும். இருட்டில் காலால் தடவித் தடவி மேடேறுவது போன்ற வேலை இது.

நிழல் விழும்போதுதான் சிக்கல். பக்கத்து வீட்டு மாடியோ, தண்ணீர்த் தொட்டியோ, மாமரக் கிளையோ ஓரிரு தகடுகளை மறைத்தால், ஒரு மேடு இருந்த இடத்தில் இரண்டு மூன்று மேடுகள் உருவாகின்றன. சாதாரணத் தேடல்முறை சிறிய மேட்டின் உச்சியிலேயே நின்றுவிடலாம். தகட்டில் பழுதில்லை, ஆனாலும் மின்சாரம் குறையும். முழு வீச்சையும் அவ்வப்போது அலசி, பெரிய மேட்டைக் கண்டறியும் வசதி பல இன்வெர்ட்டர்களில் உண்டு. சிலவற்றில் அதை நாம் கேட்டு இயக்கச் செய்ய வேண்டும்.

வரிசை வீடுகளில் முன்கூரை ஒரு திசையையும் பின்கூரை எதிர்த்திசையையும் பார்த்திருக்கும். இரண்டுக்கும் வெயில் ஒரே அளவில் கிடைக்காது. இரு பக்கத் தகடுகளையும் ஒரே தொடரில் இணைத்தால், வெயில் குறைந்த பக்கம் மற்றதையும் பின்னுக்கு இழுக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எம்பிபிடி உள்ளீடு தேவை.

வெப்பத்தால் ஏற்படும் இழப்பை எந்தத் தேடல்முறையாலும் மீட்க முடியாது. தகட்டில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, தகடு 25 பாகை வெப்பத்தில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். நண்பகலில் தகடு 60 பாகையைத் தொட்டால், இழப்பு 10 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அச்சிட்ட அளவை வைத்து மாதச் சேமிப்பைக் கணக்கிட்டுக் காட்டினால், சற்று யோசியுங்கள்.

தோட்டத்தை விட்டு வெளியேறி, முதல்முறையாகத் தாமானில் சொந்த வீடு வாங்கிய குடும்பத்துக்கு சோலார் என்பது மாதத் தவணையில் இன்னொரு கடன். அந்தத் தவணை தகடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மின் கட்டணம் குறைவதோ உண்மையில் கிடைக்கும் மின்சாரத்தைப் பொறுத்தது. இவை இரண்டுக்கும் இடையிலான பள்ளத்தில் விழுவது வாங்குபவர்தான்.

எனவே, கையெழுத்திடும் முன் நான்கைக் கேளுங்கள். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நிழல் பார்க்கப்பட்டதா? இன்வெர்ட்டரில் எத்தனை எம்பிபிடி உள்ளீடுகள் உள்ளன? நிழலைச் சமாளிக்கும் வசதி இயக்கத்தில் இருக்குமா? மாதம் எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதை எழுத்தில் தருவீர்களா? கோயில், மண்டபக் கூரைகளில் சோலார் போட எண்ணும் நிர்வாகத்தினரும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.