நாற்காலி பளபளக்குது... சலைன் பாட்டில்?

பல் டாக்டரிடம் போனதும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? ஏசி, மின்னும் தரை, 'ஆன்டி-பாக்டீரியல்' என்று எழுதிய நாற்காலி... 'சுத்தமாத்தான் இருக்கு' என்று வாயைத் திறந்துவிடுவோம்.

செம்புக் கலவைப் பரப்புகள் 2 மணி நேரத்தில் 99.9% பாக்டீரியாவைக் கொல்லும் என்பதை 2008-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏற்றுக்கொண்டது. கூடவே, வழக்கமான சுத்தத்துக்கு இது மாற்று இல்லை என்றும் சொன்னது.

ஏன் என்பதற்கு வாணியம்பாடியே சாட்சி. 2022-23-ல் அங்கே ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று. அதில் 8 பேர் இறந்துவிட்டார்கள். 2025-ல் வெளியான ஆய்வு கைகாட்டியது சலைன் பாட்டிலை. கிருமி நீக்காத கருவியால் திறந்து, பஞ்சால் அடைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நேராக வாய்ப்புண்ணுக்குள் போகும்போது, நாற்காலி எதில் செய்ததாக இருந்தால் என்ன?

அதனால், அடுத்தமுறை கேளுங்கள்: "சலைன் எனக்காகப் புதுசா திறந்ததா? கருவியை ஆட்டோகிளேவ்ல வெச்சாச்சா? பாக்கெட்டை என் எதிர்லயே பிரிக்கிறீங்களா?"

டாக்டர் கோவிச்சுக்குவாரோனு தயங்காதீங்க. நல்ல டாக்டர் சந்தோஷமா காட்டுவார். மழுப்பினா எழுந்து வந்துடுங்க. பல்வலி இன்னும் ஒருநாள் பொறுக்கும்!