பட்டினி போட்டா வழிக்கு வருமா?

"ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா திங்கும்!"

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெத்தவங்ககிட்ட இப்படி அள்ளி விடுற புண்ணியவான்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. தயிர்சாதமும் ஒரே பிராண்டு பிஸ்கட்டும் மட்டும் தின்கிற பிள்ளைக்கு அது அடம் இல்லீங்க. வெண்டைக்காயின் வழவழப்பும் தாளிப்பு வாசமும் அதுக்குத் தாங்க முடியாத தொல்லை. பசிச்சாலும் தொடாது.

உடம்பைப் பாதிக்கிற அளவு உணவைத் தவிர்ப்பதை 2013-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனிக் கோளாறா தன் கையேட்டில் சேர்த்தாச்சு. எடை சரியா இருந்தும், வைட்டமின் சி இல்லாம ஈறில் ரத்தம் கசியுற பிள்ளைகள் உண்டு. அதுக்கு டாக்டர் வேணும், பட்டினி இல்லை.

பிடிச்சதைப் பிடுங்காதீங்க. பக்கத்துல புதுசா ஒரு துளி வைங்க. தொட்டுப் பார்த்தாலே இன்னிக்குப் போதும். திணிச்சா இருக்கிறதும் போயிடும்.

அடுத்த பந்தியில் அந்தப் பிள்ளைக்கு வெறும் தயிர்சாதம் கேட்டா, உபதேசம் பண்ணாம பரிமாறுங்க சாமிகளா!